கையைக் கண்டோம், கலைஞரைக் காணோம்

ஒரு கலைஞரின் பெயரைக்கூட அறியாமல், அரை நூற்றாண்டுக் காலம் அவருடைய கலையைச் சுவைத்து வந்த வாசகர் கூட்டம் உலகில் எங்கேனும் உண்டா என்று எவரேனும் வினவினால், அதைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' என்ற பெயரில் சித்திரக் கதை வெளியீடு ஒன்று தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. தென்காசியும் கடையநல்லூரும் புளியங்குடியும் சிவகாசிக்கு எட்டாத ஊர்கள் அல்ல. ஆதலால் அச்சு மை காயுமுன்னரே மாயாவி நம் பக்கத்துப் பேருந்து நிலையக் கடைகளுக்கு வந்து சேர்ந்தான் என்று அன்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவியில் குளித்துத் தலை துவட்டிய பிள்ளைகள் ஈரக் கையோடு புரட்டிய புத்தகமும் அதுவே. பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்துப் பிடிபட்டவர்கள் இன்று பேரன் பேத்தி கண்டிருப்பார்கள். அவர்களிடம், "மாயாவியை வரைந்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள்.

வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் 1919-இல் பிறந்து, 1995-இல் மறைந்தவர். பதின்ம வயதிலேயே, 1935-இல், 'கூட்டோ' என்ற சிறுவனைப் படைத்து ஸ்பானியச் சித்திரக் கதையின் முன்னோடிகளில் ஒருவராக நிலைபெற்றவர். உடன்பிறந்தோரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பமே தூரிகை பிடித்த பட்டறையாகத் தம் இல்லத்தை ஆக்கியவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பத்திரிகைகளுக்கு ஏராளமாக வரைந்தார். லண்டன் ஃபிளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் 'வாலியன்ட்' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் இதழிலேயே மாயாவியின் கதையும் தொடங்கியது. கதையைத் தொடக்கத்தில் எழுதியவர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி. சித்திரம் பிளாஸ்கோவினுடையது.

கதையை ஒரு முறை நினைவுகூர்வோம். லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக எஃகினால் ஆன கையைப் பொருத்திக்கொள்கிறான். ஒருநாள் மின்சாரம் அவன் மீது பாய, உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துபோகிறது. எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. முதலில் அந்த ஆற்றலைத் திருட்டுக்கும் அச்சுறுத்தலுக்கும் பயன்படுத்தும் அவன், பின்னர் மனந்திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் ஊழியனாக மாறுகிறான். தீயவனாகத் தொடங்கித் திருந்தும் நாயகன் அக்காலச் சிறுவர் இதழ்களுக்குப் புதியவன். நம் இல்லங்களில் உம்மாமார்கூட இக்கதையை முற்றாக வெறுக்காமல் விட்டதற்கு இந்தத் திருந்துதலும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

இனி ஓவியத்துக்கு வருவோம். சித்திரக் கதை வரைபவருக்கு நாயகனின் முகமே முதல் மூலதனம். சினமும் அச்சமும் இரக்கமும் முகத்தில் தோன்றினால்தான் வாசகன் கதைக்குள் புகுவான். இங்கோ நாயகன் மறைந்த கணத்திலிருந்து அவனுக்கு முகமே இல்லை. எஞ்சி நிற்பது ஒரு கை. முகமில்லாத ஒருவனுக்கு எப்படி உயிர் கொடுப்பது? பிளாஸ்கோ இரண்டு வழிகளைக் கையாண்டார். ஒன்று, முகம் செய்ய வேண்டிய வேலையைக் கையிடம் ஒப்படைத்தார். கதவுப் பிடியைப் பற்றும்போது விரல்கள் காட்டும் எச்சரிக்கை, எதிரியின் சட்டையைக் கவ்வும்போது அவற்றில் ஏறும் முறுக்கு, களைத்துத் தளரும்போது மணிக்கட்டில் தெரியும் சரிவு ஆகியவற்றைக் கொண்டே நாம் மாயாவியின் மனநிலையைப் படித்தோம். மற்றொன்று, அந்தக் கையைக் காண்போரின் முகங்கள். காவலரும் கடைக்காரரும் வழிப்போக்கரும் அந்தரத்தில் மிதக்கும் எஃகுக் கையைக் கண்டு உறைந்து நிற்கும் காட்சியில், ஒவ்வொரு முகமும் தனித்தனி மனிதரின் முகமாகவே இருக்கும். ஒரே அச்சில் வார்த்த கூட்டத்தை அவர் வரைவதில்லை.

இவற்றுக்கு மேலாக, கறுப்பை அவர் ஆண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். இருளடைந்த தெரு, விளக்கொளி விழும் படிக்கட்டு, நிழலிலிருந்து நீளும் கை என்று வெளிச்சத்தைவிட இருட்டைக் கொண்டே அவர் கதை சொன்னார். அறிவியல் முறைப்படி நம்ப முடியாத ஒரு கதையை நம்பத்தக்கதாக ஆக்கியது அந்த இருட்டே என்பது நம் துணிபு. கதாசிரியர்கள் எழுதிக் கொடுத்த கற்பனைக்கு மண்ணும் சுவரும் நிழலும் கொடுத்து, "இது நடந்தது" என்று நம்மை நம்பவைத்தவர் ஓவியரே.

அத்தகைய கலைஞரின் பெயர் நமக்கு எட்டாமல் போனது ஏன்? சிவகாசியின் மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. லண்டனிலேயே அந்தப் பெயர் அச்சிடப்படவில்லை. அக்கால ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இடம்பெறாமை பொது வழக்கமாக இருந்தது. 1977-இல் தோன்றிய '2000 ஏடி' என்னும் வார இதழ் படைப்பாளர் பெயர்களை முறையாக வெளியிடத் தொடங்கிய பின்னரே அந்த வழக்கம் உடையலாயிற்று. பெயரே மறைக்கப்பட்ட இடத்தில் மூல ஓவியத்தின் கதி என்னவாகும்? ஓவியர் அட்டையில் மையால் வரைந்து அனுப்பிய பக்கம் அச்சு வேலை முடிந்ததும் நிறுவனத்தின் உடைமை. அது அவரிடம் திரும்பாது. கிட்டங்கியில் அடுக்கப்பட்டவற்றில் பல காலப்போக்கில் கழிக்கப்பட்டன, பல சிதறின. தப்பிய தாள்கள் சில இன்று சேகரிப்போர் கைகளில் விலைபேசப்படுகின்றன. வாரந்தோறும் ஆண்டுக்கணக்காக ஒருவர் வரைந்த பக்கங்கள் மொத்தமாக ஓரிடத்தில் வைத்துக் காணக் கிடைக்கவில்லை.

இது ஒரு நாட்டின் குறை மட்டுமன்று. அமெரிக்கச் சித்திரக் கதையின் முன்னோடியான ஜாக் கிர்பி (1917–1994) 1941-இல் ஜோ சைமனுடன் சேர்ந்து 'கேப்டன் அமெரிக்கா'வைப் படைத்தவர். 1961-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையை வரைந்து மார்வல் நிறுவனத்தின் எழுச்சிக்குத் தோள் கொடுத்தவர். 1980-களில் மார்வல் தன்னிடமிருந்த பழைய மூல ஓவியங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தர முன்வந்தது. மற்றவர்கள் ஒரு பக்க ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டால் போதும் என்றிருக்க, கிர்பியிடம் மட்டும் நான்கு பக்க உறுதிப் பத்திரம் கேட்கப்பட்டது. சக ஓவியர்களும் வாசகர்களும் பல ஆண்டுகள் குரல் எழுப்பிய பின்னர், 1987-இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 2,000 பக்கங்கள். அவர் அந்நிறுவனத்துக்கு வரைந்தவையோ பத்தாயிரத்துக்கும் மேல். எஞ்சியவை காணாமற்போனவை, களவு போனவை, கைமாறி விற்கப்பட்டவை. எழுபது வயதை எட்டிய ஒரு முதியவர் தம் கையால் வரைந்த தாள்களைத் தமக்குத் தரும்படி மன்றாடிய காட்சி, சித்திரக் கதை வரலாற்றின் இழிந்த பக்கங்களுள் ஒன்று.

இதே வரலாற்றில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. மாயாவி பிறந்த அதே 1962-இல் ஸ்டீவ் டிட்கோவின் தூரிகையில் 'ஸ்பைடர்மேன்' பிறந்தான். அந்த முதற்கதை வெளிவந்த இதழின் மூல ஓவியங்கள் 24 பக்கங்களையும் 2008-இல் ஒருவர், தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். இன்று ஆய்வாளர் எவரும் அத்தாள்களில் டிட்கோ அழித்துத் திருத்திய இடங்களைக் காணலாம். ஒரே ஆண்டில் பிறந்த இரு நாயகர்களில் ஒருவனுடைய பிறப்புச் சான்று தேசிய நூலகத்தில் பேணப்படுகிறது. மற்றவனுடையது நாலாபக்கமும் சிதறிப்போயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். சித்திரக் கதை அச்சுக்காகவே வரையப்படுவது. அச்சிட்ட இதழே முழுப் படைப்பு. மூல ஓவியம் அதற்குச் சாரம் போன்றது. கட்டடம் எழுந்தபின் சாரம் போனால் என்ன என்பது அம்மறுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமாகவே தோன்றும். கலை மக்களைச் சென்றடைந்தது அச்சிலேதான் என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் நாம் கண்ட அச்சு எத்தகையது? லண்டனில் மலிவான தாளில் ஒரு முறை அச்சேறி, பிறகு சிவகாசியில் நம் மொழிக்கும் நம் புத்தக அளவுக்கும் ஏற்பச் செப்பனிடப்பட்டு மறுபடியும் அச்சேறிய படியின் படி அது. மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. நிழலின் படிநிலைகள் ஒரே கறுப்பாக உறைந்தன. அதிலேயே இவ்வளவு கண்டோம் என்றால், மூலத்தில் எவ்வளவு இருந்திருக்கும்! திறனாய்வாளனுக்கு மூலம் வேண்டியிருப்பது இதனாலேயே. எது ஓவியரின் கோடு, எது அச்சின் கறை என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

மூலம் கிடைக்காதபோது படிகளைக் கொண்டே ஆசிரியனின் கையைத் தேடும் முயற்சி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தவர். கம்பர் கைப்பட எழுதிய ஏடு இவ்வுலகில் இல்லை. பல நூற்றாண்டுகளாகப் படியெடுத்தோர் தந்த பாடல்களில் எவை கம்பருடையவை, எவை இடைச்செருகல் என்று தம் சுவையுணர்வையே உரைகல்லாகக் கொண்டு பிரித்து, 'கம்பர் தரும் ராமாயணம்' என்று ஒரு பதிப்பையே வெளியிட்டார் அவர். அந்த முறையைப் புலவர் பலர் ஏற்கவில்லை. மூல ஏடு இருந்திருந்தால் அந்த வழக்கே எழுந்திராது. மாயாவியின் நிலையும் இதுவே. தமிழில் நாம் படித்த மாயாவி கதைகள் யாவும் பிளாஸ்கோ வரைந்தவையல்ல; வேறு ஓவியர்கள் வரைந்தவையும் உண்டு. பெயர் அச்சிடப்படாமையால், சிலவற்றில் கை உயிர்ப்புடன் இருப்பதையும் சிலவற்றில் வெறும் இரும்பாகக் கிடப்பதையும் கண்டும், காரணம் அறியாமல் படித்துவிட்டோம். காரணம், கை மாறியிருந்தது.

நம் சமுதாய இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய கவலை உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைச் சுவடிகளாக ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. செய்கு அப்துல் காதிறு நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1842-இல் அதை அச்சேற்றினார்கள். அவர்கள் அந்தத் தேட்டத்தில் இறங்கியிராவிட்டால் நமக்குக் கிடைத்தது குறைந்தே இருக்கும்.

ஓவியத் துறையில் இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு 'ஹம்ஸா நாமா'. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைச் சூடி, வரலாற்றை விட்டுக் கற்பனையில் வெகுதூரம் சென்ற வீரக் கதை அது. 1562-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேரரசர் அக்பர் அதைச் சித்திரங்களாகத் தீட்டப் பணித்தார். பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையித் அலீ, அப்துஸ் ஸமத் ஆகியோரின் மேற்பார்வையில், ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து 1,400 பெரிய ஓவியங்கள் உருவாயின. முன்புறம் சித்திரம், பின்புறம் கதை. சித்திரத்தைக் காட்டிக் கதையை வாசிப்பதற்கென்றே அமைந்த அந்த நூலை இந்தியச் சித்திரக் கதையின் பாட்டன் என்று கூறினால் மிகையாகாது. இன்று எஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு. 1881-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்காகப் பொருள் சேகரிக்க வந்த ஓர் அதிகாரி, ஸ்ரீநகரில் ஒரு கடையின் சன்னல்களில் குளிர்காற்று புகாதபடி அடைத்திருந்த நிலையில் அவற்றுள் சிலவற்றைக் கண்டெடுத்தார். பேரரசரின் நூலகத்தில் இருந்தவை சன்னல் மறைப்பாக முடிந்தன! சில தாள்களில் முகங்களும் சுரண்டப்பட்டிருந்தன.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி நம் ஆலிம்களிடையே நிலவும் கருத்துகளை நாம் அறிவோம். அந்த மார்க்கச் சட்ட ஆராய்ச்சிக்குள் இக்கட்டுரையில் புகவில்லை. அதற்குப் புறம்பாக வேறொரு கேள்வி இருக்கிறது. ஒருவர் உழைத்துச் செய்த பொருள் நம்மிடம் வந்து சேர்ந்தால் அதை எப்படி நடத்துவது? உழைப்பாளியின் கூலியைக் காலந்தாழ்த்தாமல் கொடுத்துவிடும்படி நபிகளார் (ஸல்) போதித்தார்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதமாகப் பேணி, உரியவரிடம் சேர்ப்பிக்கும்படியும் போதித்தார்கள். பிளாஸ்கோவுக்கு வரைந்ததற்கான கூலி கிடைத்தது. பெயரும் தாளும் கிடைக்கவில்லை. அச்சுக்காகக் கொடுக்கப்பட்ட ஓவியத்தை அமானிதம் என்று கருதியிருந்தால், அது கழிவுத் தாளாகியிருக்குமா? சட்டப்படி அது நிறுவனத்தின் உடைமையே என்று வாதிடலாம். சட்டம் அனுமதித்த யாவும் நீதியாகிவிடுவதில்லை என்பதைக் கிர்பியின் கதை நமக்குச் சொல்கிறது.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் வாப்பா நமக்கு வாங்கித் தந்த மாயாவி இதழ்களை நாமே நூலால் தைத்துக் கனத்த அட்டையிட்டு வைத்திருந்தோம். வீட்டைப் புதுப்பித்தபோது பரணை ஒழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். தராசுத் தட்டில் அது எவ்வளவு நிறுத்தது என்பதும் நினைவில் இல்லை. லண்டன் கிட்டங்கியை ஒழித்தவர்களுக்கும் நமக்கும் அளவில்தான் வேறுபாடு. அந்தக் கட்டோடு போனவற்றில், நம் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத் தமிழ் ஏடு ஒன்றும் இருந்தது என்பதைப் பிறகே உணர்ந்தோம். சித்திரக் கதையை மதியாத கை, ஏட்டையும் மதிக்கவில்லை.

குற்றாலத்துச் சித்திர சபையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் வட்டாரத்தில் இலர். அங்கே சுவரோவியங்களே அச்சபையின் பெருமை. நம் சமயம் வேறாயினும், ஓவியத்துக்கென ஒரு மண்டபத்தையே ஒதுக்கி, தீட்டிய சுவரிலேயே அதைக் காத்து வந்த அண்டை வீட்டாரின் அக்கறையைப் போற்றுகிறோம். சுவரில் தீட்டியது சுவரோடு நின்றது. தாளில் தீட்டியது காற்றோடு போயிற்று. ஆகவே தாளுக்குக் காவல் கூடுதலாக வேண்டும்.

அந்தக் காவல் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று ஒதுக்கிய துண்டு நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூட வாழ்நாளெல்லாம் சேகரித்தார். அவர் மறைவுக்குப் பின் அச்சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994-இல் நிலைபெற்றது. தனி மனிதர் ஒருவரின் பிடிவாதத்தால் ஒரு மொழியின் அச்சு வரலாறே காப்பாற்றப்பட்டது என்பது நமக்குப் பாடம்.

மாயாவிக்கும் காலந்தாழ்ந்த நீதி ஓரளவு கிடைத்திருக்கிறது. பழைய ஆங்கில வார இதழ்களின் உரிமையை 2018-இல் வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், மாயாவியின் தொடக்கக் கதைகளை 2021-இல் நூலாக வெளியிட்டது. அதில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் உள்ளன. பிளாஸ்கோ மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின் வந்த பெயர்! இத்தகைய மறுபதிப்புகளுக்கு மூல ஓவியம் கிடைக்காத இடங்களில் கைகொடுப்பவை யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்த பழைய இதழ்களே என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய இதழ்களையும் ஏடுகளையும் எடைக்குப் போடுமுன், ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பேண இயலாவிட்டால் நூலகத்துக்கு எழுதுங்கள். நம் சமுதாய இதழ்களுக்கு அட்டைப்படமும் தலைப்பெழுத்தும் வரைந்து தந்த முதிய ஓவியர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் வாயிலாகவே எந்த ஆண்டில், எந்த இதழுக்கு, எதை வரைந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகள் சித்திரக் கதை படிக்கும்போது, கதை என்ன என்று கேட்பதோடு, வரைந்தவர் யார் என்றும் கேளுங்கள். 'கன்னித்தீவு'ச் சிந்துபாதைப் பல பத்தாண்டுகளாக நாளிதழில் நாள்தோறும் தேடிப் படித்த நாம், அவனை வரைந்த கைகளைப் பற்றி ஒரு நாளேனும் கேட்டிருப்போமா?

எஃகுக் கை மட்டும் தெரிய, மனிதன் மறைந்து நின்றான், அது கதை. ஓவியம் மட்டும் தெரிய, ஓவியர் மறைக்கப்பட்டார், இது வரலாறு. கதையில் மாயாவி விரும்பியே மறைந்தான். பிளாஸ்கோ விரும்பி மறையவில்லை. இழந்த தாள்களை மீட்டுத் தர நம்மால் ஆகாது. அவர் பெயரைப் பிழையின்றிச் சொல்ல ஆகும். நம் கையில் எஞ்சியிருப்பதைப் பேண ஆகும். அமானிதத்தைப் பேணும் நல்லெண்ணத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.